வேப்பிலையும் தகரமும்

2020 ஆகஸ்டில் ஒரு மதியம் பெரம்பூரில் எங்கள் தெருவுக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். எதிர்வீட்டு வாசலில் இரண்டு சவுக்குக் கம்புகளை நிறுத்தி, குறுக்கே தகரத்தை வைத்து ஆணி அடித்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கு முந்தைய நாள்தான் கொரோனா 'பாசிட்டிவ்' என்று வந்திருந்தது. மனைவி, கல்லூரி போகும் மகள், எண்பதைத் தாண்டிய அம்மா என எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை. சுத்தியலைப் பிடித்திருந்த பையன் கைகூப்பி, "எங்கள ஒண்ணும் நெனச்சிக்காதீங்கம்மா, சொன்னதச் செய்றோம்" என்றான். தகரத்துக்கு மேலே அந்தப் பெரியம்மாவின் நெற்றியும் விபூதியும் மட்டும் தெரிந்தன.

நான் என் வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா, அடைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நிம்மதி வந்த வேகத்தை நினைத்தால் இன்றும் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் என் அப்பாவைப் பெற்ற ஆச்சி சொன்ன வேப்பிலை நினைவுக்கு வந்தது.

ஆச்சிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம், பனங்காட்டு ஊர். 1950ஐ ஒட்டிய வருஷங்களில் அவள் புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்த கோடையில் கொழுந்தனுக்குப் பெரியம்மை கண்டது. நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "அம்மா வெளையாடுதா" என்பார்கள். நடையில் வேப்பங்குலை செருகப்படும். செருகுவது வீட்டுக்காரர்கள்தான். வெளியிலிருந்து யாரும் வந்து செருகவேண்டியதில்லை. அந்தக் குலையைப் பார்த்ததும் தெரு முழுக்க ஒரு வேலைத் திட்டம் தானாகத் தொடங்கிவிடும் என்று ஆச்சி சொல்வாள். அந்தப் பகுதியை அவள் சொல்லக் கேட்க எனக்கு அலுத்ததே இல்லை.

வெளியூர்க்காரர்கள் அந்த நடையைத் தாண்டி உள்ளே வரமாட்டார்கள். வந்த விருந்தாளி அப்படியே திரும்பிப் போவார். பனையேறி இறங்கியவர் பதநீரைக் கலயத்தோடு திண்ணையில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போவார். நுங்கு வரும், இளநீர் வரும். யாராவது ஒரு கை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த வீட்டில் மட்டுமின்றி, அக்கம்பக்கத்திலும் தாளிக்கமாட்டார்கள். கடுகு வெடிக்கும் சத்தமும் எண்ணெய் வாசமும் அம்மாவுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. உடம்பெல்லாம் முத்து போட்டு, ஒரு வாய் கஞ்சி இறங்காமல் கிடப்பவன் மூக்குக்கு அந்த வாசம் எட்டக்கூடாது என்ற கருணையும் அதில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஒருவன் படுத்திருந்தான் என்பதற்காக ஆறு வீட்டு அடுப்பு இரண்டு வாரம் மட்டுப்பட்டிருந்தது.

உள்ளே போகவும் ஒருத்தி இருந்தாள். மேலத்தெருவில் முகமெல்லாம் தழும்போடு ஒரு விதவை. சின்ன வயதில் அம்மை வார்த்து, ஒரு கண்ணும் மங்கிப் பிழைத்தவள். கல்யாண வீட்டு முகூர்த்தத்துக்கு அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள், எதிரே வந்தால் சகுனம் பார்ப்பார்கள். அம்மை கண்ட வீட்டுக்கு மட்டும் அவள்தான் முதல் ஆள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதை ஊர் அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தது. அவள் கொழுந்தனின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். கண்ணுக்குள் முத்து போட்டுவிடாமல் நாலு வேளையும் பார்த்தாளாம். பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியபிறகுதான் வீட்டுக்குப் போனாள். ஆச்சி அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததாகச் சொல்வாள். அதன்பிறகு கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். "எங்க கூப்புட்டாக" என்றாள் ஆச்சி.

அதனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத என் கை வராது. இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். கீழக்கடைசியில் சேரியில் அம்மை கண்டபோது நம் தெருவிலிருந்து பதநீர் போனதா? ஆச்சி வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்கள அவங்க ஆளுக பாத்திருப்பாக" என்றாள். வாந்திபேதி வந்த வருஷங்களில் முதலில் விழுந்தது அந்தக் கடைசிதான். ஊர்க்கிணற்றில் அவர்களுக்கு உரிமை இல்லை, ஓடையில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். ஆனால் ஊரில் யார் செத்தாலும், எந்த நோயில் செத்தாலும், பிணத்தைத் தூக்கிப் புதைக்கவும் எரிக்கவும் அங்கிருந்துதான் ஆள் வரவேண்டும். தெருவின் அந்த அழகான கூட்டு ஏற்பாட்டுக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் ஊர் உழைப்பை வாங்கிக்கொண்டது, பரிவைத் தரவில்லை.

வசவுகளைக் கவனித்தால் அந்தக் காலத்தின் பயம் புரியும். பேதியில போவான், கழிச்சல்ல போவான், கொள்ளையில போவான். பொருள் தெரியாமலே நாங்கள் சிறுவயதில் விளையாட்டில் சொல்லிப் பூசை வாங்கியிருக்கிறோம். கொள்ளை என்றால் திருட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஊரையே வாரிக்கொண்டு போகும் நோய் அது என்று பிற்பாடு தெரிந்தது.

அரசாங்கம் அன்று என்ன செய்தது? பிளேக் பம்பாயில் பரவியதும் 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாலே நாலு பிரிவு. அதிகாரிக்கு எல்லா அதிகாரமும் உண்டு, மக்களுக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றி ஒரு வரி இல்லை. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்து, சாமான்களை எரித்தார்கள். அந்த ஆத்திரத்தில் அந்த ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே ஊரில், அதே ஆண்டு மார்ச்சில், சாவித்திரிபாய் பூலே பிளேக் கண்ட ஒரு தலித் சிறுவனைத் தன் முதுகில் சுமந்து மகனின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பையன் பிழைத்தான். அவருக்குத் தொற்றி 10ஆம் தேதி இறந்தார். நான் மேலே சொன்ன எல்லைக்கோட்டைத் தாண்டியவர்கள் அன்றும் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு அரசாங்கம் வந்தது அம்மை குத்துகிறவர் உருவத்தில். அவர் வருகிறார் என்றால் பிள்ளைகளைக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களாம். குத்தினால் அம்மனுக்குக் கோபம் வரும், காய்ச்சல் வரும் என்று பயம். ஆச்சியும் என் அப்பாவை ஒளித்திருக்கிறாள். மூன்றாவது தடவை அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்து, தன் கையைத் தூக்கிக் காட்டிப் பேசியபிறகுதான் வெளியே கொண்டுவந்தாளாம். அப்பாவின் புயத்தில் காலணா அகலத்தில் இரண்டு தழும்புகள் கடைசிவரை இருந்தன. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது, 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. வேப்பிலை நோயாளிக்கு ஆறுதலாக இருந்தது. நோயை ஒழித்தது அந்த ஊசிதான். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

இனி நம் காலம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் எல்லோரும் மாடியில் நின்று கைதட்டினோம். தட்டில் கரண்டியால் அடித்தோம். மருத்துவர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் அமல். நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் அரிசியும் பருப்பும் வாங்கி வைக்க எங்களால் முடிந்தது. அன்றாடக் கூலியில் அன்றாடம் சாப்பிட்டவர்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். மே 8 விடிகாலை அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து படுத்திருந்த 16 பேர்மீது சரக்கு ரயில் ஏறியது. அவர்கள் கட்டி எடுத்து வந்த சப்பாத்திகள் ஜல்லியில் சிதறிக் கிடந்த படத்தை அன்று பார்த்தோம். நம் கட்டடங்களின் பூச்சும் நம் உணவகங்களின் இலையும் யார் கையால் நடந்தன என்பதை அந்த நடை காட்டிக்கொடுத்தது. அதுவரை அவர்கள் எங்கே தூங்கினார்கள் என்று நாம் கேட்டதில்லை.

கைதட்டி நான்கு வாரம் ஆன அன்று சென்னையில் அது நடந்தது. ஏப்ரல் 19, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநருக்கு ரத்தம் கொட்டியது. கடைசியில் இறந்தவரின் நண்பரான இன்னொரு மருத்துவர், மருத்துவமனை ஊழியர்கள் இருவரோடு, நள்ளிரவில் மண்வெட்டியாலும் வெறும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டுவரை சிறை என்று ஒரு வாரத்தில் மாநில அரசு அவசரச் சட்டம் போடவேண்டி வந்தது. பிணத்தை மண்ணுக்குக் கொடுப்பதற்குச் சட்டம்!

கல் எறிந்தவர்கள் கொடூரர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் தகரத்தைப் பார்த்து நிம்மதி அடைந்தவன் நான். அவர்களுக்கும் எனக்கும் அன்று ஒரே ஒரு கட்டளைதான் கிடைத்திருந்தது: விலகி இரு. ஆச்சியின் தெருவிலும் விலகித்தான் இருந்தார்கள். ஆனால் விலகி இருந்தபடி என்ன செய்யவேண்டும் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. யார் உள்ளே போகலாம், யார் திண்ணையோடு நிற்கவேண்டும், யார் அடுப்பை அடக்கவேண்டும். எங்கள் கையில் வேலை எதுவும் இல்லை. கை சும்மா இருந்தது, மனம் முழுக்கப் பயம் இருந்தது. அப்படி இருப்பவன் ஒன்று கதவைச் சாத்துவான், இல்லையென்றால் கல்லை எடுப்பான்.

எங்கே ஒரு வேலை கிடைத்ததோ அங்கே மனிதர்கள் வேறு மாதிரி இருந்தார்கள், அதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். டெல்லியில் நடந்த தப்லீக் மாநாட்டால் தொற்று பரவியது என்று சொல்லி முஸ்லிம்களை ஊரே சந்தேகமாகப் பார்த்த அதே மாதங்களில், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) போன்ற அமைப்புகளின் இளைஞர்கள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு எல்லா மதத்தவர் உடல்களையும் அவரவர் முறைப்படி புதைத்தார்கள், எரியூட்டினார்கள். சொந்த மகன் வராத மயானத்தில் அவர்கள் நின்றார்கள். மதுரையில் யாசகம் எடுத்துப் பிழைக்கும் முதியவர் ஒருவர், சேர்ந்த பணம் பத்தாயிரத்தை நிவாரண நிதிக்கென்று ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தார். ஒருமுறையோடு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப வந்து கொடுத்தார். எங்கள் தெருவில் தினமும் காலையில் ஒரு பெண் வருவாள், கல்லூரி முடித்த வயது. நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டி, "காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, வாசனை தெரியுதா" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போவாள். அறுபது வீடு, அறுபது கதவு. பாதிக் கதவு திறக்காது. அவள் தகரத்துக்கு முன்னாலும் நின்று, குரலை உயர்த்தி, "பாட்டி, சாப்டீங்களா?" என்று கேட்டாள். அதைக் கேட்டபிறகுதான் என் மனைவி ஒரு தூக்கு வாளியில் ரசம் சாதத்தைக் கட்டிக்கொண்டு போய் கம்பில் மாட்டினாள். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து இட்லி போனது. நான்காம் நாள் அந்தக் கம்பில் மூன்று பைகள் தொங்கின. அந்தச் சின்னப் பெண் வெப்பமானியோடு வேப்பிலையையும் கொண்டுவந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைய ஊர் செய்யாத ஒன்றை இன்றைய அரசு செய்தது. அதை ரேஷன் கடை வாசலில் பார்க்கலாம். சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள், ஆளுக்கொரு வட்டம். ஆயிரம் ரூபாய், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய். அடுத்த ஆண்டு இரண்டு தவணையாக நாலாயிரம். தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். எந்த வட்டத்தில் எந்தத் தெருக்காரர் நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆச்சியின் ஊரிலும் அந்தக் கடைதான், அந்த வட்டம்தான். கீழக்கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் என் சித்தப்பா மகன் நின்று பை நிறைய வாங்கி வந்ததைப் போனில் சாதாரணமாகச் சொன்னான். அவனுக்கு அது செய்தியே இல்லை. எனக்கு அது பெரிய செய்தி. பதநீர் போகாத தெருவுக்கு இந்த முறை அரிசி போனது.

2021இன் இரண்டாம் அலையைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வரிசை. அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை, உள்ளே படுக்கை காலியாகும்வரை ஆக்சிஜன் உருளையோடு வண்டியிலேயே நோயாளிகள். எதிர்வீட்டுப் பெரியம்மா அந்த மே மாதத்தில் போனார். தகரத்தின் உயரத்துக்கு மேல் பார்த்த அந்த நெற்றிதான் நான் அவரைக் கடைசியாக நேராகப் பார்த்தது. தகரம் எடுத்தபிறகு எட்டொன்பது மாதம் எதிரும் புதிருமாக இருந்தும் நான் போய் உட்காரவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பள்ளி மூடிக் கிடந்ததில் எழுத்துக்கூட்டவும் மறந்துபோன பிள்ளைகளுக்கு, மாலையில் ஒன்றரை மணி நேரம், அந்தந்தத் தெருவிலேயே. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பெரும்பாலும் பெண்கள், லட்சக்கணக்கில் முன்வந்தார்கள். எங்கள் ஊரில் ஆச்சியின் பழைய வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தது கீழக்கடைசியிலிருந்து பி.எட். முடித்த பெண். மேலத்தெருப் பிள்ளைகள் அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் போயிருந்த அன்று திண்ணைத் தூணில் உயிரெழுத்து அட்டை கட்டியிருந்தது. வேப்பங்குலை செருகும் இடம் அதற்கு ஒரு முழம் மேலே.

மறந்துவிடுவோம் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். 1918இன் இன்ஃப்ளுவென்சா காய்ச்சலில் இந்தியாவில் குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் இறந்தார்கள். 1911க்கும் 1921க்கும் நடுவே நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. கணக்கெடுப்பு நடந்த காலத்தில் வேறெந்தப் பத்தாண்டிலும் அப்படி நடந்ததில்லை. ஆனால் ஆச்சியிடம் அவள் மாமியார் சொன்னதாக அதைப் பற்றி ஒரு கதைகூட இல்லை. அவ்வளவு பெரிய சாவை இரண்டு தலைமுறையில் மறந்திருக்கிறோம். கொரோனாவை மறக்க அவ்வளவு காலம்கூட ஆகவில்லை.

எங்கள் தெருவில் குப்பை எடுத்த அக்காவைப் பற்றி இதுவரை நான் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தகரத்துக்குள்ளிருந்து மஞ்சள் பையில் வந்த குப்பையைப் பதினாலு நாளும் எடுத்தது அவர்தான். கையுறை கிழிந்தால் பாலித்தீன் பையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எடுத்தார். நாங்கள் மாடியிலிருந்து கைதட்டியபோது அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார். ஒரு தீபாவளிக்குச் சேலை கொடுத்திருக்கிறோம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்று நாள். பெண்கள்தான் அதிகம். மழையிலும் நடைபாதையிலேயே இருந்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனது. கொரோனாவில் வேலை பார்த்தோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் தொலைக்காட்சியில் ஒரு முகத்தை என் மனைவி சட்டென்று காட்டினாள். எங்கள் அக்கா. மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையின் அடியில் அவர் பெயர் ஓடியது. எட்டு வருஷமாக எங்கள் வாசலுக்கு வந்தவரின் பெயர் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒரு பிளாஸ்க் டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு நானும் எதிர்வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். அவர்தான் கூப்பிட்டார். "அம்மாவோட சாப்பாட்டுத் தட்டக்கூட எடுத்தாங்க சார் அவங்க" என்று வழியில் ஒருமுறை சொன்னார். அவரும் நானும் சேர்ந்து எங்காவது போனது அதுதான் முதல் தடவை. நடைபாதை நெடுக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே அக்காவைத் தேடினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பியவர் எழுந்து வந்து, பிளாஸ்கைக்கூடப் பார்க்காமல், "தெருவுல எல்லாம் நல்லா இருக்காங்களா சார்? குப்பை யாரு எடுக்கறாங்க?" என்று கேட்டார்.